யார் வீட்டுப் புழக்கடை? கோழித் தீனிக் கணக்கை முன்வைத்து

1

"கோழிக்கு எவ்ளோ தீனி போடறது?"

ஒரு கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து இப்படிக் கேட்டார். திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில், செங்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு காலனியில், வேப்பமரத்தடியில் நடந்த சின்னக் கூட்டம் அது. பஞ்சமி நிலம், இட ஒதுக்கீடு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்று தோழர்கள் பேசி முடித்து, "யாருக்காவது கேள்வி இருந்தா கேளுங்க" என்றார்கள். அவர் கேட்டார்: "கோழிக்குஞ்சு குடுத்தாங்க சார். பாதிக்கு மேல பூட்ச்சி. தீனி போடத் தெரியலன்னு எங்களயே திட்றாங்க. எவ்ளோ போடறதுன்னு நீங்களாவது சொல்லுங்க."

தோழர்கள் சிரித்தார்கள். "அதெல்லாம் மாட்டாஸ்பத்திரில கேளுங்கம்மா" என்றார் ஒருவர். அம்மா உட்கார்ந்துவிட்டார். முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்தச் சிரிப்புக்கு எதிராகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ஏன் சிரித்தோம்? நிலம் அரசியல், கோழி அரசியல் இல்லை என்று நினைத்ததால் சிரித்தோம். மேடையில் ஆண்கள் பேசுவது அரசியல், வாசலில் பெண்கள் 'பா... பா...' என்று கூப்பிடுவது வீட்டு வேலை என்று நினைத்ததால் சிரித்தோம். அந்த அம்மாவின் கேள்விக்குள் நிலம் இருந்தது, கூலி இருந்தது, சோறு இருந்தது, சாதி இருந்தது. காது கொடுத்துக் கேட்டிருந்தால் எங்கள் இரண்டு மணி நேரப் பேச்சுக்கும் அதுவே பதவுரையாக இருந்திருக்கும்.

2

அந்த அம்மாவிடம் ஒரு துண்டுத்தாள் இருந்தது. ஏதோ பயிற்சியில் கொடுத்தது. கோழி ஒன்றுக்கு நாளுக்கு 100 முதல் 120 கிராம் தீவனம் என்று அதில் அச்சடித்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அவர் அதை மகளிடம் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, மடித்து, கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். நமக்கு எழுத்தின்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அந்த எண் பொய்யில்லை. நாமக்கல் பண்ணைகளில் கம்பிக் கூண்டுக்குள் நின்றபடி ஆண்டுக்கு 300 முட்டையை நெருங்கி இடும் வெள்ளைக் கோழிக்கு அது சரியான எண். அந்தக் கோழிக்கு மண் தெரியாது, கரையான் தெரியாது, தட்டில் விழுவது தவிர வேறு தீனி கிடையாது. முழுக்க நாமேதான் போட வேண்டும். நம் வாசலில் மேயும் ஒன்றேகால் கிலோ நாட்டுக்கோழி வேறு. வருசத்துக்கு 60, 80 முட்டை இடும், நடுவில் அடைகாக்கும், குஞ்சு பொரிக்கும், பருந்தைப் பார்த்தால் கத்திக் கூப்பிட்டு குஞ்சுகளை இறக்கைக்குள் வாங்கிக்கொள்ளும். அதற்கு நாளுக்கு 80 கிராம் அளவுக்கு உலர் தீனி வேண்டும். அதில் ஒரு பங்கை அதுவே தேடிக்கொள்ளும். மீதியைத்தான் நாம் போட வேண்டும்.

அப்படியானால் கேள்வி வேறாகிறது. கோழி எவ்வளவு தின்னும் என்பதல்ல கேள்வி. அது தானாக எவ்வளவு தேடிக்கொள்ளும்? எங்கே தேடும்? யார் இடத்தில் தேடும்?

துண்டுத்தாள் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறது.

3

இந்தத் திட்டங்களுக்குப் 'புழக்கடைக் கோழி வளர்ப்பு' என்று பெயர். புழக்கடை என்றால் வீட்டுக்குப் பின்னால் கிணறு, துவைகல், வாழை, முருங்கை, எருக்குழி, வைக்கோல்போர் இருக்கும் இடம். யார் வீட்டுக்கு அது இருக்கிறது? ஊர்த்தெருவில் இருக்கிறது. காலனிக்குக் கொடுத்தது 3 சென்ட் மனை. ஒரு சென்ட் 435 சதுர அடிச் சொச்சம். மூன்று சேர்த்து 1,306 சதுர அடி. அதில் தொகுப்பு வீடு, பிள்ளைக்குக் கல்யாணம் ஆனதும் ஒட்டிப் போட்ட ஒரு சாய்ப்பு, ஒரு தண்ணித் தொட்டி. பின்னால் அடுத்த வீட்டுச் சுவர். இங்கே புழக்கடை எங்கே இருக்கிறது? நமக்கு வாசலும் இல்லை, கொல்லையும் இல்லை, தெருதான் இரண்டும்.

அந்த 3 சென்ட்டுக்குள் அரசு எத்தனை கோழியை அனுப்பியது? 2018ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு ஆளுக்கு 50 குஞ்சு இலவசமாகக் கொடுத்தது. பிறகு வந்த திட்டத்தில் 4 வாரக் குஞ்சு 40, பாதி மானியத்தில். நல்லதுதானே என்பீர்கள். கொடுக்க வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. கணக்குப் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

4 வாரக் குஞ்சு 20 வாரத்தில் முட்டைக்குத் தயாராகும் என்று வையுங்கள். நடுவில் 112 நாள். மேய்ச்சல் இல்லாமல் அடைத்து வளர்த்தால் சராசரி நாளுக்கு 50 கிராம். குஞ்சு ஒன்றுக்கு 5.6 கிலோ. 50 குஞ்சுக்கு 280 கிலோ. கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 8,400 ரூபாய். முதல் முட்டை கண்ணில் படுவதற்கு முன்னால் ஆகும் செலவு இது. வீட்டு வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்வரும் பெண் இந்தப் பணத்தை எங்கேயிருந்து எடுப்பாள்? வட்டிக்கு வாங்கினால் கோழி முட்டை போடும் முன்பே வட்டி குட்டி போட்டிருக்கும்.

இன்னொரு கணக்கு. வளர்ந்த 50 கோழிக்கு நாளுக்கு 80 கிராம் என்றால் 4 கிலோ. நாலு பேர் உள்ள நம் வீட்டில் ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு கிலோ அரிசி வேகிறது. கோழி வீட்டைவிட இரண்டு மடங்கு தின்னும்! ரேஷனில் மாசம் 20 கிலோ அரிசி வாங்கும் வீட்டில் அதை முழுசாகக் கோழிக்குக் கொட்டினாலும் 5 நாளில் தீர்ந்துவிடும்.

பிறகு குஞ்சு சாகிறது. செத்ததும் என்ன சொல்கிறார்கள்? "இந்த ஜனங்களுக்கு எது குடுத்தாலும் வெச்சிக்கத் தெரியாது. வித்துத் தின்னுடுவாங்க." மாடு கொடுத்தபோது சொன்னது, ஆடு கொடுத்தபோது சொன்னது, வீடு கொடுத்தபோது சொன்னது. கணக்கில் இருந்த தப்பு காலனிக்காரியின் குணத்தில் இருக்கும் தப்பாக மாறிவிடுகிறது. சாதி இப்படித்தான் வேலை செய்கிறது தோழர்களே. அடிப்பது மட்டும் சாதி இல்லை. தீனி இல்லாத இடத்துக்குக் கோழியை அனுப்பிவிட்டுச் செத்த கோழிக்கு நம்மிடம் காரணம் கேட்பதும் சாதிதான்.

4

நான் சொல்வது வெறும் கோபம் இல்லை. அறிவியலும் இதையே சொல்கிறது.

1993இல் இலங்கையில் குணரத்னவும் அவரோடு சேர்ந்தவர்களும் கிராமத்துக் கோழிகள் என்ன தின்கின்றன என்று ஆராய்ந்து எழுதினார்கள். மேய்ந்து திரியும் கோழிகளின் தீனிப்பையைத் திறந்து, உள்ளே இருந்ததைப் பிரித்து எடை போட்டார்கள். உள்ளே இருந்ததில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு, சுமார் 72 சதம், வீட்டில் மிஞ்சி வெளியே கொட்டியது: சோறு, தேங்காய்த் துருவல் சக்கை போன்றவை. புல், பூச்சி புழு, சிந்திய நெல் எல்லாம் சேர்ந்து மிச்சம். நாட்டுக்கோழி புழுவைத் தின்று தானாக வளரும், காசு செலவில்லை என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாட்டுக்கோழி வளர்வது பெரும்பாலும் அந்த வீட்டில் மிஞ்சும் சோற்றில்தான்.

ஆக, சோறு மிஞ்சும் வீட்டில் கோழி மிஞ்சும். சட்டியை வழித்துத் தின்னும் வீட்டில் கோழிக்கு என்ன விழும்? எங்க ஆயா சொல்லும்: "நம்ம வூட்டுக் கோழி மண்ணத்தான் கெளறணும், அதுக்கும் ஊர் மண்ணுக்குப் போவணும்." ஆயாவுக்கு இலங்கை ஆராய்ச்சி தெரியாது. ஆயா வாழ்ந்ததே அந்த ஆராய்ச்சிக்குள்தான்.

அந்த ஆய்வுகளிலிருந்து கிடைத்த இன்னொரு பாடமும் உண்டு. ஒரு வீடும் அதைச் சுற்றிய இடமும் சேர்ந்து இவ்வளவு கோழிக்குத்தான் தீனி தரும் என்று ஒரு அளவு இருக்கிறது. அதற்குமேல் விட்டால் பெரிய கோழி கொத்தித் தின்னும், குஞ்சு பட்டினி கிடக்கும், நோய் வரும், பருந்தும் கீரியும் பிடிக்கும். இடம் தாங்கும் அளவுக்கு எண்ணிக்கை இறங்கும் வரை சாவு நிற்காது. நம் அம்மாமார் காலங்காலமாக மூணு கோழி, அஞ்சு கோழி என்று வைத்திருந்தது சோம்பேறித்தனத்தால் அல்ல. அந்த 3 சென்ட் எத்தனையைத் தாங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். 50 குஞ்சை அங்கே இறக்கியவர்களுக்குத் தெரியவில்லை.

குஞ்சும் சாதாரணக் குஞ்சு இல்லை. பொரிப்பகத்தில் மின்சாரச் சூட்டில் பிறந்த குஞ்சுக்குத் தாய் இல்லை. எது புழு, எது கல் என்று கொத்திக் காட்ட ஆளில்லை. பருந்து நிழலுக்குப் பதுங்கத் தெரியாது. ஐதராபாத்தின் வனராஜா, பெங்களூரின் கிரிராஜா போன்ற மேம்படுத்திய இனங்கள் உடம்பு பெருக்கும், முட்டை கூடும். அதற்கேற்பத் தீனியும் கூடக் கேட்கும். பெரிய வயிற்றைச் சின்ன இடத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும்?

தோழர்களே, கோழியின் எண்ணிக்கையைத் தீனி முடிவு செய்கிறது. தீனியை நிலம் முடிவு செய்கிறது. நிலத்தை யார் முடிவு செய்தார்கள்? 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் எழுதிய அறிக்கைக்குப் பிறகு நமக்கென்று ஒதுக்கிய 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் எங்கே? அதைத் திருப்பிக் கேட்டதற்குத்தானே 1994 அக்டோபரில் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள்? அந்த நிலம் கையில் இருந்திருந்தால் இந்த அம்மா தீனிக் கணக்கு கேட்டிருக்க மாட்டார். களத்தில் சிந்தியதே போதும். கோழிக் கேள்வியைப் பார்த்துச் சிரித்தபோது நாம் பஞ்சமி நிலத்தைப் பார்த்தும் சிரித்திருக்கிறோம்.

5

இனி நம் பகுதிக்கு வருவோம். கோழி மேயும் மண் இங்கே என்ன ஆயிற்று?

மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் ஜனம். ரமணாசிரமத்தைச் சுற்றி விடுதி, அடுக்குமாடி, தியான மண்டபம், குளிர்காலத்துக்கு வந்து தங்கும் வெளிநாட்டார் வீடு. நேற்று மல்லாட்டை போட்ட கொல்லைக்கு இன்று காம்பவுண்டுச் சுவர், அதன்மேல் கண்ணாடிச் சில்லு. மல்லாட்டை பிடுங்கியபின் மண்ணில் தங்கிய காய் பொறுக்கப் பிள்ளைகள் போவார்கள், பின்னாலேயே கோழிகள் போகும். பிள்ளைக்கும் தீனி, கோழிக்கும் தீனி. சுவர் எழுந்தபின் இரண்டும் போயிற்று. சுவருக்கு உள்ளே நம் பெண்கள் போகலாம், பாத்திரம் கழுவ. நம் கோழி போகக்கூடாது.

போனால் என்ன ஆகும்? அந்தக் காலனியில் ஒரு பெண் சொன்னார்: "செடியக் கெளறுதுன்னு கல்ல எடுத்து அடிச்சி, கால ஒடிச்சி வெளிய வீசினாங்க. கேக்கப் போனா, இது சாந்தியான எடம், இங்க இன்னாத்துக்குக் கோழி வளக்கறீங்கன்னு கேட்டாங்க." சாந்தியான இடத்தில்தான் கால் ஒடிந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரமணாசிரமத்துக்குள் விலங்குகளுக்குச் சமாதி இருக்கிறது. லட்சுமிப் பசுவுக்கு, வள்ளி மானுக்கு, ஜாக்கி நாய்க்கு, ஒரு காகத்துக்கு. 1948இல் லட்சுமி செத்தபோது அது முக்தி அடைந்ததாக ரமணரே வெண்பா எழுதினார். 1947இல் பரோடா மகாராணி அனுப்பிய வெள்ளை மயிலையும் அவர் பிரியமாக வளர்த்தார். நாள்தோறும் அங்கே சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஒரு மனுசர் நாய்க்கும் காக்கைக்கும் இரக்கப்பட்டார் என்றால் நமக்கு என்ன வருத்தம்? ஆனால் அதே ஆசிரமத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் காலத்தில் பிராமணருக்குத் தனிப் பகுதி இருந்தது என்பதை அங்கே வாழ்ந்தவர்களின் நினைவுக் குறிப்புகளே சொல்கின்றன. காக்கைக்கும் நாய்க்கும் கருணை எட்டியது. பந்தியில் இலை போடும்போது சாதி வந்து உட்கார்ந்துகொண்டது.

இன்று இந்தத் தெருக்களில் அந்தக் கருணைக்கு ஒரு வரிசை இருக்கிறது. பசுவுக்கு வாழைப்பழம், அகத்திக்கீரை. குரங்குக்குப் பொரி. மயிலுக்குத் தானியம். மயில் செடியைக் கிளறினால் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள். கோழி கிளறினால் கல். இரண்டும் ஒரே குடும்பத்துப் பறவைதான். மயில் முருகனுடைய வண்டி. கொடியில் நிற்கும் சேவலும் முருகனுடையதுதான். ஆனால் அது கொடியில் துணியாக நிற்கும்வரைதான் மரியாதை. காலனி வாசலில் உயிரோடு நின்றால் அது அசுத்தம். காரணம் கோழியில் இல்லை. அதை வளர்க்கிறவர் யார், தின்கிறவர் யார் என்பதில் இருக்கிறது.

6

"தீனிக்கா பஞ்சம்? இத்தனை ஓட்டல், விடுதி இருக்கே, மிச்சச் சோத்த வாங்கிட்டுப் போய்ப் போடலாமே" என்று ஒரு யோசனை சொல்கிறார்கள். கேட்க நல்ல யோசனை. அன்று மிஞ்சியது சுத்தமாக இருந்தால் கோழிக்கு ஆகும்தான். ஆனால் இதைச் சொல்கிறவர்களுக்கு ஒரு சரித்திரம் தெரியவில்லை. எச்சில் சோற்றுக்குப் பாத்திரம் ஏந்தி நின்ற ஜனம் இது. ஓம்பிரகாஷ் வால்மீகி 1997இல் இந்தியில் தன் வாழ்க்கையை எழுதி அதற்கு 'ஜூட்டன்' என்று பெயர் வைத்தார்; எச்சில் என்று அர்த்தம். பின்வாசலில் சட்டி ஏந்தி நிற்கும் பெண்ணைப் பார்க்கிறவர்கள் அது கோழிக்கா, பிள்ளைக்கா என்று பார்ப்பதில்லை. "வந்துட்டாளுங்க" என்பார்கள். கோழித் தீனிக்காகக்கூட அந்த வாசலில் நிற்க மாட்டேன் என்று ஒருத்தி சொன்னால் அது திமிர் இல்லை, சுயமரியாதை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ரேஷன் அரிசியில் நாலு பிடியைக் கோழிக்குப் போட்டால், "கவர்மெண்ட் அரிசிய கோழிக்குப் போடறாங்க, இவங்களுக்கு எதுக்கு இலவசம்?" என்று டீக்கடையில் பேசுகிறார்கள். புழுத்த அரிசி போட்ட மாசம் அது மனுசர் தின்ன லாயக்கா என்று கேட்க ஆளில்லை. தின்றால் பிச்சை, கோழிக்குப் போட்டால் திருட்டு. நாம் அந்த அரிசியை என்ன செய்தாலும் குற்றம். 1936இல் ஜெய்ப்பூர் சமஸ்தானத்துச் சக்வாரா கிராமத்தில் தீண்டப்படாதவர் விருந்தில் நெய் பரிமாறினார்கள் என்பதற்காகச் சாதி இந்துக்கள் தடியோடு வந்து அடித்ததை அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையில் எடுத்துக்காட்டினார். நெய் அவர்கள் காசில் வாங்கியது. ஆனாலும் நெய் தின்னக் கூடாது. நம் தட்டில் என்ன விழலாம் என்பதை அளப்பவர்கள் இன்று நம் கோழியின் தட்டையும் அளக்கிறார்கள்.

கோழியை வளர்த்தோம், சரி. சாமிக்குக் கொடுக்கலாமா? தமிழ்நாட்டில் கோயிலில் உயிர்ப்பலி கூடாது என்று 1950இல் ஒரு சட்டம் போட்டார்கள். தூங்கிக்கிடந்த அந்தச் சட்டத்தை 2003இல் எழுப்பி, நம் முனீஸ்வரனுக்கும் காளிக்கும் கோழி அறுக்கக் கூடாது என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியபின் 2004இல் ரத்து செய்தார்கள். நம் சாமி எதைத் தின்ன வேண்டும் என்பதும் அவர்கள் தீனிக் கணக்குதான். சரி, பிள்ளைக்காவது முட்டை? இங்கே 1982இல் சத்துணவு வந்து, 1989இல் முட்டை சேர்ந்தது. பக்கத்துக் கர்நாடகத்தில் 2021இல் பள்ளியில் முட்டை கொடுக்க முனைந்தபோது மடாதிபதிகள் போராட்டம் அறிவித்தார்கள். ஏழைப் பிள்ளையின் தட்டில் ஒரு முட்டை வந்தால் மடத்தில் இருக்கிறவருக்கு ஏன் வயிறு எரிகிறது?

7

எல்லாவற்றையும் அவர்கள்மேல் போட்டுவிட்டு நாம் தப்ப முடியாது. நம் வீட்டுக்குள்ளும் ஒரு தீனிக் கணக்கு நடக்கிறது.

விடியலில் கூண்டைத் திறப்பவள் பெண். தவிடு பிசைபவள் பெண். எந்தக் கோழி எந்த வீட்டுப் படப்பில் முட்டை வைக்கிறது என்று தெரிந்தவள் பெண். அடை வைத்து, 21 நாள் எண்ணி, கூமுட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்த்து ஒதுக்குபவள் பெண். கோழி விற்ற காசு அவளுடைய சிறுவாடு. பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், தனக்கு மாத்திரை. அந்தச் சிறுவாட்டை உலைப்பானைக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டு சாராயக் கடைக்குப் போனவன் யார்? விருந்தாளி வந்தால் கேட்காமல் கோழியைப் பிடித்து அறுக்கச் சொல்பவன் யார்? குழம்பில் தொடை அப்பனுக்கு, நெஞ்சு மகனுக்கு, கழுத்தும் காலும் அவளுக்கு. நாலு முட்டை இருந்தால் மகனுக்கு அவித்து, மகளுக்கு "நாளைக்கித் தரேன்" என்கிறோம். மேல்சாதிக்காரன் நம் தட்டை அளக்கிறான் என்று மேடையில் கத்துகிற நாம் வீட்டில் அவள் தட்டை அளக்கிறோம். அந்த அம்மா கேட்டபோது சிரித்ததும் இதே கை அளந்த அளவுதான்.

8

ஆகவே பதில் சொல்லக் கடமை இருக்கிறது. சிரித்துவிட்டு வந்தபின் கால்நடைத் துறையில் வேலை செய்யும் நம் ஆட்களையும், கோழி வளர்த்துப் பழுத்த ஆயாக்களையும் கேட்டுத் தெரிந்துகொண்டதை, அந்த அம்மாவுக்குச் சொல்வதுபோலவே எழுதுகிறேன்.

அம்மா, தராசு வேண்டாம். சாயந்திரம் கோழி அடையும்போது பிடித்து, கழுத்துக்குக் கீழே வலப்பக்கம் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்க. கெட்டியா உருண்டையா இருந்தா வயிறு நெறஞ்சிருக்கு. தொளதொளன்னு இருந்தா அன்னிக்கு அதுக்கு எதுவும் கெடைக்கல. நாலு நாள் தொடர்ந்து பார்த்தா உங்க இடம் எவ்வளவு தருதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். எந்தத் துண்டுத்தாளும் அதைச் சொல்லாது.

மேய்ச்சல் ஓரளவு இருந்தால் வளர்ந்த கோழிக்கு நாளுக்கு ஒரு கைப்பிடி, 40 கிராம் அளவு, போதும். 5 கோழிக்கு 5 பிடி. ஏறக்குறைய ஒன்றரை ஆழாக்கு. காலையில் இரண்டு பங்கு போட்டு வெளியே விடுங்க. சாயந்திரம் மூணு பங்கு போட்டால் அது வீடு திரும்பும், அடுத்தவர் வீட்டில் அடையாது. சுற்றிலும் சுவர் எழுந்து மேய்ச்சலே இல்லை என்றால் இரண்டு பிடி. இரண்டு பிடிக்கு வழியில்லை என்றால் கோழியைக் குறையுங்க. பத்துக் கோழியை அரைப் பட்டினி போடுவதைவிட நாலு கோழியை நன்றாக வைத்தால் முட்டை கூட வரும்.

பருவத்தையும் பாருங்க. மழைக்காலத்தில் புழு பூச்சி கிடைக்கும். நொய்யும் கம்பும் போட்டால் போதும். அறுப்புக் காலத்தில் தானியம் சிந்தும். நீங்கள் போடுவதைக் குறைக்கலாம். பங்குனி, சித்திரை, வைகாசியில் இரண்டும் இருக்காது. அப்போதுதான் முழுத் தீனி வேண்டும்.

கலவை: பத்துப் பங்கில் ஐந்து நொய், கம்பு, சோளம் எது மலிவோ அது, இரண்டரை தவிடு, இரண்டு மல்லாட்டைப் புண்ணாக்கு, அரைப் பங்கு உப்பில்லாமல் காயவைத்து இடித்த மீன் தலை. உப்புக் கருவாடு வேண்டாம், உப்பு அதிகமானால் கோழி செத்துப்போகும். பூஞ்சை பிடித்த புண்ணாக்கு சும்மா கொடுத்தாலும் தொடாதீங்க. 1960இல் இங்கிலாந்தில் பூஞ்சை நஞ்சு ஏறிய மல்லாட்டைப் புண்ணாக்கைத் தின்று ஒரு லட்சம் வான்கோழி செத்தது. 'கெட்டதுதான, கோழிக்குப் போடு' என்று தள்ளிவிடுகிற பண்டத்தை வாங்க நாம் குப்பைத்தொட்டி இல்லை. முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சலோ முட்டை ஓடோ நொறுக்கித் தனியாக வைங்க; தோல்முட்டை வராது. குஞ்சுக்குக் கரையான்: பழைய பானையில் ஈரச் சாணமும் வைக்கோலும் கந்தல் சாக்கும் திணித்து, ராத்திரி ஈர மண்ணில் கவிழ்த்து வைத்தால் விடியலில் ஏறியிருக்கும். காசில்லாப் புரதம். தீனியைப்போல் இரண்டு மடங்கு தண்ணீர், நிழலில். கோடையில் இன்னும் கூட.

இன்னொன்று. வெள்ளைக் கழிச்சலில் செத்ததைத் தீனிக் குறை என்று தலையில் போட்டுக்கொள்ளாதீங்க. குஞ்சு எட்டு வாரத்தில் தடுப்பூசி போட வேண்டும். வழக்கமாகப் பிப்ரவரியில் அரசு இலவச முகாம் நடத்தும். அது ஊர்த்தெருவில் முடிந்துவிட்டு, காலனிக்கு வராமல் போனால் அதைக் கேட்பது எங்கள் வேலை.

9

தோழர்களுக்கு. நம் கோரிக்கைப் பட்டியலில் இவற்றையும் எழுதுங்கள். குஞ்சோடு முட்டையிடும் வயது வரைக்கும் தீனியும் கொடு. எத்தனை குஞ்சு என்று முடிவு செய்யுமுன் அந்த மனையை அளந்து பார். 40, 50 என்று எண்ணிக்கையை மேலிருந்து இறக்காதே. ஐந்து தாய்க்கோழி கேட்கிறவளுக்கு ஐந்து தாய்க்கோழி கொடு. தடுப்பூசி காலனி வாசலுக்கு வரட்டும். காலனியை ஒட்டிய பொது இடத்தைச் சுவர் வைத்து மடக்கியவர்களிடமிருந்து மீட்டுக் கொடு. இவை எல்லாவற்றுக்கும் அடியில் பழைய கோரிக்கை: பஞ்சமி நிலத்தைக் கொடு. புழக்கடை இல்லாதவர்களுக்குப் புழக்கடைத் திட்டம் என்று பெயர் வைக்காதே.

அடுத்த கூட்டம் அதே வேப்பமரத்தடியில் நடந்தது. நான் அந்த அம்மாவைத் தேடிப் போய், அன்று சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்னா கண்ணு" என்றார். பிறகு மேலே எழுதிய கணக்கையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "இதுல பாதி எனக்குத் தெரியும்பா. தெரியாத மாதிரி என்ன திட்டுனாங்களே, அதான் கேட்டேன்" என்றார்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவரிடம் ஏழு கோழி மிஞ்சியிருந்தது.